ஹைபிரிட் காரில் பிரேக் பிடிக்காமல் போனால்: காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்வதற்கான முழுமையான வழிகாட்டி

என்னுடைய ஹைபிரிட் காரை வீட்டு முற்றத்தில் நிறுத்தி, கார் ஓடத் தயார் என்று காட்டும் ரெடி விளக்கு எரிந்துகொண்டிருக்கும் நிலையில், பிரேக் மிதியில் யாரும் கால் வைக்காதபோதே, முன்பக்கத்திலிருந்து ஒரு சிறிய மோட்டர் ஓடும் ஓசை இரண்டு மூன்று நொடிகளுக்கு எழுந்து அடங்கும். ஏறத்தாழ இருபது நொடி கழித்து அதே ஓசை மீண்டும் எழும். வாகனத்தைப் பார்த்த கராஜில் "இந்த மொடலுக்கு இது வழமையான சத்தம்தான், யோசிக்க வேண்டாம்" என்றார்கள், நானும் நம்பிவிட்டேன். இரண்டு மாதம் கழித்து, நுவரெலியாவிலிருந்து குடும்பத்தோடு இறங்கிவரும்போது, இறம்பொடை வளைவொன்றில் சிவப்பு பிரேக் விளக்கும், சில்லு பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பின் விளக்கும் ஒன்றாக எரிந்தன. அபாய ஒலி விடாமல் கேட்டது. மிதி கல்லைப்போல இறுகிவிட்டது. இரண்டு கால்களாலும் மிதித்து காரை நிறுத்தினேன். தேயிலைக் கொழுந்து ஏற்றிச்சென்ற உழவு இயந்திரத்தின் பெட்டிக்கு ஒரு முழம் பின்னால் அது நின்றது.

அந்த இருபது நொடி ஓசையின் பொருள் எனக்கு அன்று தெரிந்திருந்தால், அந்தக் காரை மலைக்கு எடுத்துப் போயிருக்க மாட்டேன். ஜப்பானில் ஓடிக் களைத்து இங்கு வந்த பிரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட் கார்கள் இலங்கையில் ஏராளமாக ஓடுகின்றன. அவற்றில் பல பத்து வருடங்களைக் கடந்துவிட்டன. இந்த வழிகாட்டி முதன்மையாக அவற்றை வைத்திருப்பவர்களுக்கானது. கூறப்படும் விவரங்கள் டொயோட்டாவின் அமைப்பைச் சார்ந்தவை. மற்ற நிறுவனங்களின் ஹைபிரிட் கார்களில் உறுப்புகள் வேறுபட்டாலும், ஆராயும் முறை பெரும்பாலும் இதுவே.

முதலில்: மிதிக்கும் சில்லுக்கும் இடையில் என்ன நடக்கிறது

சாதாரண காரில் நீங்கள் மிதியை அழுத்தும்போது, எஞ்சின் உறிஞ்சும் காற்றின் வெற்றிடம் உங்கள் காலுக்குத் துணைநின்று, பிரேக் ஒயிலை நேரடியாகச் சில்லுகளுக்குத் தள்ளுகிறது. ஹைபிரிட் காரில் எஞ்சின் பல சமயம் நின்றிருப்பதால் அந்த வெற்றிடத்தை நம்பியிருக்க முடியாது. எனவே ஒரு மின்பம்ப் பிரேக் ஒயிலை உயர் அழுத்தத்தில் அக்கியுமுலேட்டர் எனப்படும் உருளையில் சேமித்து வைக்கிறது. உருளைக்குள் அடைக்கப்பட்டிருக்கும் நைதரசன் வாயு வில்லைப்போல அந்த அழுத்தத்தைத் தாங்கி நிற்கிறது. மிதியை அழுத்தும்போது, எவ்வளவு தூரம் அழுத்தினீர்கள் என்பதைக் கணினி அளந்து, வேகக்குறைப்பில் எவ்வளவு பங்கை மின்மோட்டர் எடுப்பது, எவ்வளவு பங்கை சில்லோடு சுழலும் டிஸ்க் தகடும் அதை அழுத்திப் பிடிக்கும் பாட்டும் எடுப்பது என்று பிரித்துக்கொடுக்கிறது. மின்மோட்டர் தன் பங்கை எடுக்கும்போது ஜெனரேட்டராக மாறி பற்றரியை நிரப்புகிறது. ரீஜெனரேட்டிவ் பிரேக் என்று சொல்லப்படுவது இதுவே. இதனை இனி மீட்பு பிரேக் என்று குறிப்பிடுகிறேன்.

சாரதியின் இருக்கைப் பக்கக் கதவைத் திறந்தவுடன் முன்பக்கத்தில் சில நொடி ஒலிக்கும் ஓசை, நீங்கள் ஏறுவதற்குள் அந்தப் பம்ப் அழுத்தத்தை நிரப்பி வைக்கும் ஓசை. அது நல்ல ஓசை. எப்போது, எவ்வளவு அடிக்கடி அது எழுகிறது என்பதில்தான் நோயின் அறிகுறி இருக்கிறது.

இரண்டாவது: உங்களுக்கு நேர்ந்தது எந்த வகை

"பிரேக் போய்விட்டது" என்று சொல்பவர்கள் மூன்று வெவ்வேறு விடயங்களைச் சொல்கிறார்கள். இவற்றைப் பிரித்தறியாமல் பாட் மாற்றுவதும் ஒயில் மாற்றுவதும் பணத்தையும் காலத்தையும் விரயமாக்கும். அதைவிட, நோய் தீர்ந்துவிட்டது என்ற பொய்யான நம்பிக்கையைத் தரும்.

முதல் வகை, ஒரு கணம் கார் முன்னோக்கி வழுக்குவதுபோன்ற உணர்வு. மெதுவாக பிரேக் பிடித்துக்கொண்டு வரும்போது ஒரு குழியிலோ, வேகத்தடையிலோ, ஈரமான பாலத் தகட்டிலோ சில்லு ஏறினால், அது கணநேரம் பிடிமானம் இழக்கும். கணினி உடனே மீட்பு பிரேக்கை நிறுத்திவிட்டு ஒயில் அழுத்தத்துக்கு மாறும். அந்த மாற்றத்துக்கு இடையில் வேகக்குறைப்பு தளர்ந்ததுபோல் தோன்றும். இதில் விளக்கு எதுவும் எரியாது, மிதியை இன்னும் அழுத்தினால் கார் உறுதியாக நிற்கும். மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் இந்தத் தளர்வு பற்றிய முறைப்பாடுகள் பெருகியதால், டொயோட்டா 2010 பெப்ரவரி 9ஆம் திகதி பிரியஸ் உள்ளிட்ட சுமார் 4 இலட்சத்து 37 ஆயிரம் ஹைபிரிட் வாகனங்களை உலகெங்கும் திரும்ப அழைத்து, ஏபிஎஸ் மென்பொருளைத் திருத்தியது. அதே மாதத்தில் ஃபோர்ட் நிறுவனமும் சுமார் 17,600 ஹைபிரிட் கார்களுக்கு மென்பொருள் திருத்தம் வழங்கியது. அவற்றில் மீட்பு பிரேக்கிலிருந்து சாதாரண பிரேக்குக்கு மாறும் கணத்தில் மிதியின் உணர்வு மாறியதால், பிரேக் போய்விட்டதாகச் சாரதிகள் எண்ணினார்கள். இதனை வெறும் உணர்வு என்று ஒதுக்குவது சரியல்ல. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 11 மீற்றர் செல்கிறது. சாரதி அரை நொடி திகைத்தால் ஐந்தரை மீற்றர் போய்விடும். பாதசாரிக் கடவைக்கு முன்னால் அது ஓர் உயிரின் தூரம்.

இரண்டாம் வகையே ஆபத்தானது: அழுத்த அமைப்பே பழுதடைதல். நம் கராஜ்களில் ஏபிஎஸ் யூனிட் போய்விட்டது என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். யூனிட்டுக்குள் உள்ள வால்வுகள் தேய்ந்து, உருளையில் சேமித்த அழுத்தம் உள்ளேயே கசிந்து குறைகிறது. வெளியே ஒரு துளி ஒயிலும் சிந்தாது. ஒயில் தாங்கியின் மட்டமும் குறையாது. ஆகவே மூடியைத் திறந்து பார்ப்பவர் எல்லாம் நன்றாக இருப்பதாகவே சொல்வார். குறைந்த அழுத்தத்தை ஈடுசெய்யப் பம்ப் திரும்பத் திரும்ப ஓடும். இறம்பொடைக்கு முன் நான் இரண்டு மாதம் கேட்ட ஓசை அதுதான். கசிவு கூடக் கூட இடைவெளி குறைந்து, ஒரு நாள் பம்ப் ஈடுகொடுக்க முடியாமல் போகும்போது விளக்குகளும் அபாய ஒலியும் வரும். உருளையே பழுதடைவதும் உண்டு. 2013 ஜூனில் டொயோட்டா சுமார் 2 இலட்சத்து 42 ஆயிரம் ஹைபிரிட் கார்களைத் திரும்ப அழைத்தது அதற்காகத்தான்: உருளைக்குள் விரிசல் ஏற்பட்டு நைதரசன் பிரேக் ஒயிலுக்குள் கசிந்தால், மிதி வழக்கத்தைவிட ஆழமாகப் போகும், நிற்கும் தூரமும் கூடும்.

மூன்றாம் வகை எந்தக் காருக்கும் பொதுவானது: கொதித்த ஒயில், இறுகிப்போன கலிப்பர் (பாட்டை டிஸ்க்கின்மேல் அழுத்தும் பகுதி), தேய்ந்த பாட். ஆனால் ஹைபிரிட் காரில் இதற்கு ஒரு தனிக் குணம் உண்டு. அதைப் பரிசோதனைப் பகுதியில் விரிவாகச் சொல்கிறேன்.

மூன்றாவது: ஓடும்போது நேர்ந்தால் செய்ய வேண்டியது

இதனை வாசித்து வைப்பது போதாது. வெறிச்சோடிய மைதானத்தில் ஒருமுறையாவது கையையும் காலையும் பழக்கிக்கொள்ளுங்கள்.

எக்ஸிலேட்டரிலிருந்து காலை முற்றாக எடுத்துவிட்டு, பிரேக் மிதியை முழுப் பலத்தோடு மிதியுங்கள். தேவையானால் இரண்டு கால்களாலும் மிதியுங்கள். அழுத்தத் துணை போய்விட்டாலும் உங்கள் கால்பலம் ஒயில் வழியாகச் சில்லுகளைச் சென்றடைய நேரடிப் பாதை ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டாம் தலைமுறைப் பிரியஸில் அந்தப் பாதை முன்சில்லுகள் இரண்டுக்கு மட்டுமே செல்கிறது. மிதி இறுகி, கார் நிற்க மறுப்பதுபோல் தோன்றுவதால் பலர் பயந்து காலை எடுத்து மீண்டும் மீண்டும் குத்துகிறார்கள். அது கூடாது, ஒவ்வொரு குத்தும் மிச்சமிருக்கும் அழுத்தத்தைச் செலவழிக்கும். ஒரே மிதியாக, விடாமல் மிதியுங்கள்.

அதேவேளை கியரை பீ (B) நிலைக்கு மாற்றுங்கள். எஞ்சினின் இழுவிசை வேகத்தைக் குறைக்கும். நியூட்ரலுக்கு மாற்றாதீர்கள், அந்த உதவியும் போய்விடும். பிரியஸில் ஓடும்போது பார்க் பொத்தானை அழுத்தினாலும் கியர் நியூட்ரலுக்கே போகும். பவர் பொத்தானையும் அழுத்தி அணைக்காதீர்கள். ஸ்டியரிங்கின் மின்துணை இழந்து சக்கரம் கனத்துப்போகும்.

அடுத்து பார்க்கிங் பிரேக். பிரியஸின் இரண்டாம், மூன்றாம் தலைமுறைகளில் அது இடது காலால் மிதிப்பது. அக்குவாவில் கையால் இழுப்பது. இரண்டுமே கம்பி வழியாகப் பின்சில்லுகளைப் பிடிப்பவை, கணினியின் பழுது அவற்றைத் தொடாது. ஒரேயடியாக இழுத்தால் பின்சில்லு பூட்டிக்கொண்டு கார் சுழலும் என்பதால் சிறிது சிறிதாக இறுக்குங்கள். மலைவீதியில் இவை எல்லாம் போதாமல் போனால், பள்ளப்பக்கத்தை விட்டு மலைப்பக்க மண்மேட்டில் காரின் பக்கத்தை உரசவிட்டு நிறுத்துவதே மிஞ்சும் வழி. தகடு கசங்கினால் தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம்.

நின்றபின், விளக்குகள் தாமாக அணைந்தாலும் அந்தக் காரை மீண்டும் ஓட்டாதீர்கள். அணைத்து மீண்டும் இயக்கியதும் எல்லாம் சரியாகிவிட்டதுபோல் தோன்றுவது இந்தப் பழுதின் இயல்பு. இழுவை வாகனத்தை அழையுங்கள்.

நான்காவது: வீட்டிலேயே செய்யக்கூடிய பரிசோதனை

காரைச் சமதரையில் நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கை இறுக்கி, ரெடி நிலைக்குக் கொண்டுவாருங்கள். குளிரூட்டி, வானொலி அனைத்தையும் நிறுத்துங்கள். எஞ்சின் ஓடினால் அது தானாக நிற்கும்வரை காத்திருங்கள். இப்போது மிதியைத் தொடாமல், கையில் கடிகாரத்தோடு செவிகொடுங்கள். நல்ல நிலையில் உள்ள காரில் பம்ப் ஒருமுறை நிரப்பிவிட்டு அமைதியாகிவிடும். மிதியைத் தொடாமலே அரை நிமிடத்துக்குள் பம்ப் மீண்டும் மீண்டும் ஓடினால், அது உட்கசிவின் வலுவான அறிகுறி. அமைதியாக இருந்தால், மிதியை நிதானமாக முழுதாக அழுத்தி விடுங்கள். சில அழுத்தல்களுக்குப் பின் பம்ப் ஒருமுறை ஓடுவது இயல்பு, ஒவ்வொரு மெல்லிய அழுத்தலுக்கும் ஓடுவது இயல்பல்ல. இடைவெளி நொடிகளைத் திகதியோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள். மாதத்துக்கு மாதம் அந்த எண் குறைந்துவந்தால், பழுது வருவதற்கு முன்பே அதன் பாதை உங்களுக்குத் தெரிந்துவிடும். இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்பவர் இதைச் செய்யட்டும்.

பிறகு 12 வோல்ட் பற்றரி. பெரிய பற்றரியைப் பற்றிக் கவலைப்படும் பலர் இந்தச் சிறிய பற்றரியை மறந்துவிடுகிறார்கள். பிரேக் கணினியும் பம்பும் இதை நம்பியவை. இது தளர்ந்தால் பிரேக் விளக்கு, ஏபிஎஸ் விளக்கு, சறுக்கல் தடுப்பு விளக்கு ஆகியவை காரணமின்றி எரியும். பிரியஸின் இரண்டாம், மூன்றாம் தலைமுறைகளில் இது டிக்கியின் வலது மூலையிலும், அக்குவாவில் பின் இருக்கையின் கீழும் இருக்கிறது. கார் அணைந்து சில மணி நேரம் கழித்து அளந்தால் 12.6 வோல்ட் அளவு இருக்க வேண்டும். 12க்குக் கீழே இறங்கியிருந்தால், யூனிட்டைச் சந்தேகிப்பதற்கு முன் பற்றரியை மாற்றிப் பாருங்கள்.

அடுத்தது, மேலே சொன்ன தனிக்குணம். மீட்பு பிரேக் வேலையின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வதால், ஹைபிரிட் காரின் பாட் ஒரு இலட்சம் கிலோமீற்றரைத் தாண்டியும் தேயாமல் இருப்பது சாதாரணம். உரிமையாளர் மகிழ்கிறார், ஆனால் பாட் மாற்றும் தேவை வராததால் சில்லைக் கழற்றி உள்ளே பார்க்கும் தேவையும் யாருக்கும் வருவதில்லை. கலிப்பர் நகரும் ஊசிகளின் கிறீஸ் காய்ந்து இறுகுகிறது. டிஸ்க்கின் உட்பக்கம் துருவேறுகிறது. பின் டிரம்முக்குள் தூசி கட்டியாகிறது. மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் போன்ற உப்புக்காற்று வீசும் ஊர்களில் இது இன்னும் விரைவாக நடக்கும். இப்படிப்பட்ட கார் நகரத்தில் மீட்பு பிரேக்கினால் அழகாக நின்றுகொண்டிருக்கும். திடீரென முழு பிரேக் தேவைப்படும் நாளில்தான் பாட்டும் டிஸ்க்கும் தம் வேலையைச் செய்யவில்லை என்பது தெரியும். ஆகவே பாட்டின் தடிப்பை அளவுகோலாகக் கொள்ளாமல், ஆண்டுக்கு ஒருமுறை நான்கு சில்லுகளையும் கழற்றிச் சுத்தம்செய்து கிறீஸ் இடச் சொல்லுங்கள்.

அப்படிக் கழற்றும்போது ஒரு கண்டிப்பான எச்சரிக்கை உண்டு. கலிப்பர் கழன்று தொங்கும் வேளையில் யாராவது சாரதிக் கதவைத் திறந்தாலோ, மிதியைத் தொட்டாலோ, பம்ப் விழித்துக்கொண்டு ஒயிலைத் தள்ளும். கலிப்பரின் பிஸ்டன் வெளியே பாய்ந்து விரலை நசுக்கலாம். எனவே காரை அணைத்து, கதவுகளை மூடி, சில நிமிடம் காத்திருந்து, 12 வோல்ட் பற்றரியின் எதிர்முனையைக் கழற்றிய பின்னரே பிரேக்கில் கைவைக்க வேண்டும். உங்கள் மெக்கானிக்குக்கு இது தெரியுமா என்று வேலை தொடங்கும் முன்பே கேளுங்கள். தெரியாதென்றால் அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்த வேலைக்கு வேறொருவரைத் தேடுங்கள்.

பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டொட் 3 வகை ஒயிலின் தரநிலைப்படி புதியதில் கொதிநிலை குறைந்தது 205 பாகை. ஈரம் ஏறிய ஒயிலில் அது 140 பாகைக்கு இறங்கிவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ் உண்டாகி மிதி பஞ்சுபோல் அமிழும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. ஆனால் பழைய கார்களில் செய்வதுபோல ஒருவர் மிதிக்க மற்றவர் திருகைத் திறக்கும் முறையை மட்டும் நம்பினால் யூனிட்டுக்குள் காற்று தங்கிவிடும். காரின் கணினியோடு பேசும் ஸ்கானர் கருவியை இணைத்து, பம்பை அதன் கட்டளையால் இயக்கியே காற்றை எடுக்க வேண்டும்.

ஐந்தாவது: கராஜில் கேட்க வேண்டியவையும் வாங்கும்போது பார்க்க வேண்டியவையும்

ஸ்கானரில் சி1391 என்ற பழுதுக் குறியீடு (கோட்) வந்தால் அழுத்தம் வழக்கத்துக்கு மாறாகக் கசிகிறது என்று பொருள். சி1252 பம்ப் அளவுக்கு மீறி நேரம் ஓடுவதையும், சி1256 உருளையில் அழுத்தம் குறைந்திருப்பதையும் குறிக்கும். இந்தப் பழுதுக் குறியீடுகளை அழித்துவிட்டு "விளக்கு போய்விட்டது, சரியாகிவிட்டது" என்று சாவியைக் கொடுத்தால் வாங்காதீர்கள். அதேவேளை, அண்மையில் ஒயில் மாற்றிய காரில் சி1391 வந்தால், யூனிட்டை மாற்றுமுன் உள்ளே காற்று தங்கியிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பெரும் செலவு ஒன்றைத் தவிர்க்க அது உதவலாம்.

யூனிட்டையே மாற்ற வேண்டியிருந்தால், புதியதன் விலை பலருக்கும் எட்டாததாக இருப்பதால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய யூனிட்டைத் தேடுவது நம் வழக்கம். அதனைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அதைத்தான் செய்தேன். ஆனால் உட்கசிவு தேய்மானத்தால் வருவது. உங்கள் காரைப்போலவே வயதான காரிலிருந்து கழற்றிய யூனிட் அதே நோயின் ஆரம்பத்தில் இருக்கலாம். எந்த ஆண்டுக் காரினுடையது என்று கேளுங்கள். உங்கள் பழைய யூனிட்டின் பகுதி எண்ணோடு ஒப்பிடுங்கள். பொருத்தியபின் மேலே சொன்ன பம்ப் பரிசோதனையில் தேறாவிட்டால் திருப்பித் தரும் உறுதியை எழுத்தில் வாங்குங்கள். பொருத்திய பின் வால்வுகளின் நிலையை ஸ்கானர் மூலம் கணினிக்குக் கற்பிக்கும் படி ஒன்று உண்டு. அதைச் செய்யாவிட்டால் சி1345 என்ற கோட் வந்து நிற்கும்.

பழைய ஹைபிரிட் காரை வாங்கப் போகிறவர், விலை பேசுமுன் சேசிஸ் எண்ணை எழுதிக்கொண்டு, டொயோட்டாவின் ஜப்பானிய இணையத்தளத்தில் திரும்ப அழைப்புப் பக்கத்தில் இட்டுப் பார்க்க வேண்டும். நிறைவேறாத திருத்தங்கள் இருந்தால் அங்கு தெரியும். பிறகு காரை ரெடியில் வைத்து, விற்பவரை ஒரு நிமிடம் பேசாமலிருக்கச் சொல்லி, பம்பைக் கேளுங்கள்.

ஆறாவது: மலையிலிருந்து இறங்குவது

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். கண்டி சுமார் 500 மீற்றர். ஆட்களோடும் சாமான்களோடும் 1,700 கிலோ எடையுள்ள கார் அந்த உயரத்தை இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ ஆறு யூனிட். மின்கட்டணப் பட்டியலில் வரும் அதே யூனிட்தான். மூன்றாம் தலைமுறைப் பிரியஸின் பற்றரியோ மொத்தமாகவே 1.3 யூனிட். அதையும் முற்றாக நிரப்பவோ வடிக்கவோ கணினி அனுமதிப்பதில்லை; உண்மையில் சேமிக்க இடமிருப்பது அரை யூனிட் அளவுக்குத்தான். ஆகவே இறக்கம் பாதி முடியும் முன்பே திரையில் பற்றரியின் அளவைக் காட்டும் கோடுகள் நிரம்பி, மீட்பு பிரேக் விலகிக்கொள்கிறது. அதுவரை மோட்டர் தாங்கிய சுமை முழுவதும், பல மாதம் சும்மா இருந்த பாட்டின்மேலும், ஈரம் ஏறிய ஒயிலின்மேலும் இறங்குகிறது. மேலே நன்றாகப் பிடித்த பிரேக் கீழே வரும்போது அமிழ்வதற்கு இதுவே காரணம்.

எனவே கோடுகள் நிரம்பும்வரை காத்திராமல், இறக்கம் தொடங்கும் இடத்திலேயே கியரை பீ (B) நிலைக்கு மாற்றுங்கள். சிறிது நேரத்தில் எஞ்சின் உரத்து உறுமத் தொடங்கும்; பெட்ரோல் எரியாமலே, மிஞ்சிய மின்சாரம் எஞ்சினைச் சுழற்றிச் செலவாகும் ஓசை அது. அந்த உறுமலுக்குப் பயந்து மீண்டும் டீ (D) நிலைக்கு மாற்றுகிறவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன், தயவுசெய்து மாற்றாதீர்கள். மிதியில் எந்நேரமும் கால் வைத்துக்கொண்டே இறங்காமல், வளைவுக்கு முன் உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, காலை எடுத்து ஆறவிடுங்கள். எரிந்த வாடை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி இருபது முப்பது நிமிடம் காத்திருங்கள்; சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், விரிசல் விழுந்துவிடும்.

பழுது பார்த்த கார் கைக்கு வந்ததும் நேரே மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். முதலில் வெறிச்சோடிய சமவீதியில் மணிக்கு 20, பிறகு 40, பிறகு 60 கிலோமீற்றரிலிருந்து உறுதியாக பிரேக் பிடித்து நிறுத்திப் பாருங்கள். கார் ஒருபக்கம் இழுக்கிறதா, மிதி முன்னையதைவிட ஆழமாகப் போகிறதா என்று கவனியுங்கள். அதன்பின் 40 கிலோமீற்றர் வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றிவிட்டு ஒருமுறை நிறுத்துங்கள். அந்நிலையில் மீட்பு பிரேக் வேலைசெய்யாது என்பதால், பாட்டும் டிஸ்க்கும் மட்டும் எவ்வளவு பிடிக்கின்றன என்பது தெளிவாகத் தெரியும். ஒரு வாரம் ஊருக்குள் ஓட்டி, மீண்டும் ஸ்கானரை இணைத்து, கோட் எதுவும் திரும்ப வரவில்லை என்று பாருங்கள். யூனிட் மாற்றிய அன்று மாலை அதே முற்றத்தில் நிறுத்தி என் காரைக் கேட்டேன். பம்ப் ஒருமுறை ஓடி நின்றது, நாலரை நிமிடம் காத்திருந்தும் மீண்டும் ஓடவில்லை. தாளில் அந்த எண்ணைத் திகதியோடு எழுதி, காரின் பதிவுப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.